பர்மாவில் இருந்து வந்தவருக்கு காலனி! இலங்கையில் இருந்து வந்தவருக்கு இன்னும் முகாம்!

40 ஆண்டு கடந்தும் "அகதி" பட்டம் போகாதது ஏன்? ஓர் அலசல்

காரைக்குடியில் பர்மா காலனி எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வழி சொல்லும். மானாமதுரை பக்கம் மூங்கிலூரணியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. இரண்டும் ஒரே சிவகங்கை மாவட்டம். இரண்டு கூட்டமும் கடல் கடந்து வந்த தமிழர்கள்தான். சேர்த்ததை எல்லாம் விட்டுவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்தான்.

ஒரு கூட்டம் ஊரோடு ஊராகக் கலந்துவிட்டது. ஓட்டு, பாஸ்போர்ட், சர்க்கார் வேலை எல்லாம் உண்டு. இன்னொரு கூட்டம் இன்றைக்கும் அதிகாரி கணக்கெடுக்க வரும்போது வரிசையில் நிற்கிறது.

ஏன் இந்த வித்தியாசம்?

பர்மா தந்த பாடம்

யுத்தத்தின் சூடு செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. பர்மா தேக்கு இல்லாத பெரிய வீடு இந்தப் பக்கம் அபூர்வம். "கொண்டுவிக்க" கப்பல் ஏறிய அப்பச்சிகள் ரங்கூனிலும் மோல்மேனிலும் கடை போட்டார்கள். 1930-களில் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கியவர்களால் திருப்பித் தர முடியவில்லை. நிலம் கைமாறியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்ப்பர்மாவில் நெல் விளையும் முக்கிய ஜில்லாக்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் நகரத்தார் வசம் வந்துவிட்டது.

1941 டிசம்பர் 23-ந் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. எல்லாம் தலைகீழ் ஆனது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை தாண்டி மணிப்பூர், அஸ்ஸாம் வழியாகக் கால்நடையாக வந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் பல்லாயிரம் பேர். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பாதை, இந்தியர்களுக்கு வேறு பாதை என்று பிரிட்டிஷ் சர்க்கார் பாரபட்சம் காட்டுவதாக அப்போதே கண்டனம் எழுந்தது.

1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடை கண்ணிகள் அரசுடைமை ஆயின. மிச்சம் இருந்தவர்களும் மூட்டை கட்டினார்கள். இந்த முறை டில்லி சர்க்கார் கப்பல் அனுப்பியது. தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். வீட்டுக்குக் கடன், தொழிலுக்குக் கடன் என்று உதவி கிடைத்தது. ஊருக்கு ஊர் பர்மா காலனி எழுந்தது. சென்னையில் 1969-ல் பர்மா பஜார் பிறந்தது.

அவர்களை சர்க்கார் "அகதி" என்று எழுதவில்லை. "தாயகம் திரும்பியோர்" என்று எழுதியது. அந்த இரண்டு சொல்லில்தான் இருக்கிறது சூட்சுமம்! அரிசியும் கடனும் பிறகு. முதலில் கிடைத்தது "இந்த நாட்டு ஆள்" என்ற காகிதம்.

படகில் வந்தவர்கள் கதி

1983 ஜூலையில் இலங்கையில் இனக்கலவரம் வெடித்தது. அந்த மாதமே படகுகள் வரத் தொடங்கின. 1987 வரை வந்தவர்கள் மட்டும் 1 லட்சத்து 34 ஆயிரம் பேர். அதன் பிறகு 1989, 1996, 2006 என்று சண்டை மூண்ட போதெல்லாம் அலை அலையாக வந்தார்கள். மொத்தம் 3 லட்சத்தைத் தாண்டியது. இதில் பலர் திரும்பிப் போனார்கள். சிலர் வேறு நாடு போனார்கள்.

சர்க்கார் சும்மா இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. 1987 ஜூன் 3-ந் தேதி ராமேசுவரத்தில் இருந்து உணவு ஏற்றிச் சென்ற படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாளே பிரதமர் ராஜீவ்காந்தி சர்க்கார் விமானத்தை ஏவியது. போர் விமானங்கள் காவலோடு யாழ்ப்பாணத்தில் சுமார் 25 டன் உணவும் மருந்தும் வானத்தில் இருந்து விழுந்தன. "பூமாலை" என்று அதற்குப் பெயர். அடுத்த மாதம் 29-ந் தேதி ராஜீவ்-ஜெயவர்த்தனா ஒப்பந்தம் கையெழுத்தானது. 1991 மே 21-ந் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ்காந்தி கொல்லப்பட்ட பிறகு காற்று திசை மாறியது. முகாம்களில் கெடுபிடி கூடியது.

2021 ஆகஸ்டில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டசபையில் ரூ.317 கோடி திட்டம் அறிவித்தார். பழுதான 7,469 வீடுகளுக்குப் பதில் புது வீடு. குடும்பத் தலைவருக்கான மாத உதவி ரூ.1,000-ல் இருந்து ரூ.1,500. "அகதிகள் முகாம்" என்ற பெயர் "மறுவாழ்வு முகாம்" ஆனது. அன்று சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58 ஆயிரத்து 822 பேர். வெளியே பதிவு செய்து தங்கியவர்கள் 34 ஆயிரம் பேர்.

2022-ல் இலங்கையே பட்டினியில் தவித்தபோது தமிழ்நாடு 40 ஆயிரம் டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்து தர முன்வந்தது. மே 18-ந் தேதி சென்னையில் இருந்து முதல் கப்பல் கிளம்பியது. அதற்கும் டில்லியின் சம்மதம் வேண்டியிருந்தது.

முடிச்சு இங்கேதான்!

"வீடு குடுத்தாச்சு, அரிசி குடுத்தாச்சு, பணமும் குடுத்தாச்சு. இன்னும் என்னண்ணே வேணும்?" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அரிசி மாநிலம் தரலாம். குடியுரிமையை டில்லிதான் தர முடியும். அகதிகளுக்கான 1951-ம் வருட உலக ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அகதிக்கு என்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. விசா இல்லாமல் படகில் வந்தவர் சட்டப்படி "சட்டவிரோதக் குடியேறி". 2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாட்டுக்கு வழி திறந்தது. இலங்கைக்குத் திறக்கவில்லை.

2025 செப்டம்பரில் ஒரு சின்ன வெளிச்சம். 2015 ஜனவரி 9-ந் தேதி வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக நடவடிக்கை கிடையாது என்று மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. ஜெயில் பயம் போச்சு. ஆனால் குடியுரிமை வரவில்லை.

வடகிழக்கிலும் இதே கதை. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. உயிர் தப்பி வந்தவர்களை உள்ளே விடாதே என்று டில்லி எல்லை மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. மிசோரம் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்களுக்கு இடம் கொடுத்தது. 2025 மார்ச் 28-ல் அங்கே பூகம்பம் வந்தபோது அதே டில்லி விமானத்திலும் கப்பலிலும் உதவி அனுப்பியது. ஆபத்து சமயத்தில் ஓடிப்போய்க் கொடுக்கும் கை நமக்கு உண்டு. பிறகு வரும் நீண்ட நாட்களுக்குத்தான் விதி இல்லை.

என்ன செய்யலாம்?

ஒரேயடியாக எல்லோருக்கும் கொடு என்று கேட்பவர்கள் உண்டு. அவரவர் நாடு திரும்பட்டும் என்பவர்களும் உண்டு. அந்த வழக்கு முடியும் வரை காத்திருக்கத் தேவை இல்லாத இரண்டு வகையினர் முகாமுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

முதல் வகை, 1987 ஜூலை 1-ந் தேதிக்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர்கள். சட்டப்படி அவர்கள் பிறப்பாலேயே இந்தியர். மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதைச் சொல்லி ஐகோர்ட்டுக்குப் போய் பாஸ்போர்ட் வாங்கினார். 2024 பாராளுமன்றத் தேர்தலில் ஓட்டும் போட்டார். ஒருவர் கோர்ட்டில் வாங்கியதை மற்றவர்களுக்குத் தாலுகா ஆபீசே தேடிப் போய்க் கொடுக்கலாமே!

இரண்டாவது வகை, மலையகத் தமிழர்கள். தேயிலைத் தோட்டத்துக்கு இங்கிருந்து போனவர்களின் வாரிசுகள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை ஏற்பதாக இந்தியா ஒப்புக்கொண்டது. காகிதத்தோடு வந்தவர்கள் தாயகம் திரும்பியோர் ஆனார்கள். கலவரத்தில் காகிதம் இல்லாமல் ஓடி வந்தவர்கள் அகதி ஆனார்கள். பூர்வீகம் ஒன்றுதான். 2019 ஜூனில் ஐகோர்ட் மதுரைக் கிளை இவர்களின் மனுக்களை வாங்கிப் பரிசீலித்து முடிவு சொல்லும்படி மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது.

முகாம் வாரியாக இந்த இரண்டு பட்டியலையும் எடுக்க பெரிய செலவு ஆகாது. மாநில சர்க்கார் பட்டியலை எடுத்து டில்லி மேஜையில் வைக்கட்டும். பர்மாக்காரருக்கு 60 வருஷத்துக்கு முன்பு கிடைத்த அந்த ஒரு காகிதம், இவர்களில் பாத்தியதை உள்ளவருக்காவது முதலில் போய்ச் சேரட்டும்.