சிறுநீர்க் கிருமிகளும் நம் அவசர வைத்தியமும்

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருள் அறுபதாண்டு கடந்தோர் பலர் இருப்பர். ஆய்வுகூடத்திலிருந்து வரும் அறிக்கையைப் பரீட்சைப் பெறுபேறு பார்ப்பதுபோல் நெஞ்சிடிப்போடு பார்ப்போர் அவர்கள். சிறுநீரிற் கிருமி வளர்ந்துள்ளது என ஒரு வரி அதிற் காணப்படின், அன்றே கிருமிகொல்லி மருந்து தொடங்கிவிடுகிறது. சுரமில்லை, எரிவில்லை, வலியில்லை, ஆயினும் மருந்துண்டு. இவ்வழக்கம் பிழையானது என்பதே எம் கருத்து.

சிறுநீர்த் தொற்றுக்களுட் பெரும்பாலானவற்றை உண்டாக்குவது எசரிச்சியா கோலி என்னும் பற்றீரியா. நம் குடலில் என்றும் குடியிருப்பது அது. 1940ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட்டில் ஏபிரகாம், செயின் என்னும் அறிஞர் இருவர், பெனிசிலினை அழிக்கவல்ல நொதியம் ஒன்றைக் கண்டு வெளியிட்டனர். அதனை அவர்கள் கண்டது இதே பற்றீரியாவிலே. அங்கே நோயாளிக்குப் பெனிசிலின் ஊசிமூலம் ஏற்றப்பட்டதோ 1941இல். வாள் உறையினின்று வெளிவருமுன்னரே கேடயம் ஆயத்தமாயிருந்தது எனலாம்.

அக்கேடயம் ஒரு கிருமியோடு நின்றுவிடுவதுமன்று. எதிர்ப்பாற்றலைத் தரும் மரபணுக்கள் பல, பிளாஸ்மிட் எனப்படும் நுண்ணிய வளையங்களில் அமைந்து, அயற் கிருமிக்கும் வேற்றினக் கிருமிக்குங்கூடக் கைமாறுகின்றன. அன்றியும், நாம் விழுங்கும் மாத்திரை பெரும்பாலும் சிறுநீர்ப்பையோடு அடங்குவதில்லை. குடலிலே மருந்துக்குப் பணியும் கிருமிகளை அழித்துப் பணியாதவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. அடுத்த தொற்று புறப்படுவது பெரும்பாலும் அங்கிருந்தே. 1980களில் வந்த சிப்ரோபுளொக்சசின் இன்று பல நாடுகளில் வலிகுன்றியிருக்க, 1953இல் வந்த நைற்றோபியூரன்ரோயின் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இன்னும் கைகொடுப்பது வியப்பே.

மில்லிலீற்றருக்கு 100,000 கிருமிகள் என்னும் எல்லையை 1956இல் அமெரிக்க வைத்தியர் எட்வேட் காஸ் எடுத்துரைத்தார். சிறுநீர் பிடிக்கும்போது வெளியிலிருந்து கலந்த கிருமி எது, உள்ளே வளர்ந்தது எது என்று பிரித்தறிய உதவும் அளவுகோல் அது; மருந்து கொடு என்னும் கட்டளையன்று. முதியோர் இல்லங்களில் வாழும் பெண்களுள் நூற்றுக்கு 25 முதல் 50 பேர்வரை, அறிகுறி யாதுமின்றியே சிறுநீரிற் கிருமியுடையோர் என மேனாட்டார் கணித்துள்ளனர். இத்தகையோர்க்கு மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் நன்மை எதனையும் காட்டவில்லை. எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமிகளே மிஞ்சின. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப்பாதையிற் சத்திரசிகிச்சை பெறவுள்ளோரும் இதற்கு விலக்கு. அவர்க்கு மருந்து வேண்டும்.

"விட்டுவைத்தாற் சிறுநீரகம் பழுதாகாதா?" என்று சிலர் வினவுவர். நடுக்கத்தோடு சுரமும் விலாவலியும் கண்டவர் ஒரு நாளும் தாமதித்தலாகாது. முதல் வேளை மருந்துக்குமுன் சிறுநீரை வளர்ப்புச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு உடனே சிகிச்சை பெறல் வேண்டும். யாம் சொல்வது இவரைப் பற்றியன்று. சிறுநீர் சற்றே கலங்கியது, மணம் மாறியது என்று, சென்றமுறை எஞ்சிய மாத்திரைகளை அலுமாரியில் தேடுவோரைப் பற்றியே.

வைத்தியர்களாய் விளங்கும் பழைய மாணவரிடம் ஒரு விண்ணப்பம். அறிக்கையைப் பிரிக்குமுன், "உமக்கு என்ன செய்கிறது?" என்று கேளுங்கள். "ஒன்றுஞ் செய்யவில்லை" என்பது விடையாயின், வந்தவர் முகங்கோணினாலும் கிருமிகொல்லி எழுதாது அனுப்புங்கள். வெறுங்கையோடு திரும்புவதை நோயாளர் விரும்பார் என்பது மெய்யே. அதற்குரிய காரணத்தை ஐந்து நிமிடம் இருந்து விளக்குவதும் வைத்தியமே.