விமான வித்தையும் நெசவாளர் வீட்டுப் பிள்ளையும்

ஆரணிப் பட்டு என்று பெயர்பெற்றுப் புவிசார் குறியீடும் அடைந்துவிட்ட சேலைகளில் ஒரு பங்கை நெய்து தருகின்ற தேவிகாபுரத்தில், பெரியநாயகி அம்மன் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் விடியற்காலையில் நடந்து போகிறவர் காதில் முதலில் விழுவது தறியின் ஓசை. சற்று நின்று மேலே நோக்கினால், சென்னைக்கோ பெங்களூருக்கோ செல்லும் விமானம் ஒன்று வெள்ளிப் பொட்டுப் போலத் தென்படுவதும் உண்டு. தறிக்கும் அந்தப் பொட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தால் ஆறேழு மைலுக்கு மேல் இராது. ஆனால் தறிக்குழியில் அமர்ந்திருப்பவருடைய மகனோ மகளோ பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகமும் கணிதமும் படித்துத் தேறி, விமானியாக வேண்டும் என்ற தன் ஆசையை வாய்விட்டுச் சொல்லும் வேளையில், அந்தத் தூரம் மெய்யாகவே எவ்வளவு என்பதை நாம் கணக்கிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சட்டம் அந்தப் பிள்ளையிடம் கேட்பது அதிகமன்று. வயது பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும். கண், செவி, இருதயம் முதலியன பழுதற்றவை என்ற முதல் தர மருத்துவச் சான்று வேண்டும். வான்வழிக் கணிப்பு, வானிலை, விமானச் சட்ட விதிகள், எந்திர நுட்பம், வானொலித் தொடர்பு ஆகிய பரீட்சைகளில் தேற வேண்டும். இவற்றோடு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 200-இல் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்ற விமானியாகவும், அதில் ஒருமுறை குறைந்தது 300 கடல் மைல் தூரம் இரண்டு வெவ்வேறு நிலையங்களில் இறங்கி ஏறியும், சில மணி நேரம் இரவிலும், சில மணி நேரம் வெளியே பாராமல் கருவிகளை மட்டும் நம்பியும் ஓட்டியிருந்தால், சி.பி.எல். என்று மாணவர்கள் சொல்லும் வணிக விமானி உரிமம் கைக்கு வரும். இந்தப் பட்டியலில் குலமோ கோத்திரமோ, தகப்பனாரின் தொழிலோ சொத்தோ எங்கும் இல்லை. ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்திருக்க நிலையத்தைச் சுற்றிச் சுற்றி ஏறவும் இறங்கவும் பழகிய மாணவனிடம், ஒருநாள் ஆசிரியர் தாம் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு சுற்றுத் தனியே போய் வரச் சொல்லுவார். 'சோலோ' என்று அவர்கள் பெயரிட்டிருக்கும் அந்தச் சில நிமிஷங்களில் அவனைக் காப்பது அவனுடைய சிரத்தையும் பயிற்சியும் அல்லாமல் வேறொன்றுமில்லை.

கைத்தொழில் அறிந்தவர்களுக்கு இதில் அந்நியமாகத் தோன்றுவது எதுவும் இல்லை என்பது என் அபிப்பிராயம். குழித்தறியில் கால்கள் மிதியை மாற்றி மாற்றி மிதிக்க, ஒரு கை நாடாவை ஓட்ட, மற்றொரு கை அச்சை இழுத்து அடிக்க, கண் பாவின் மேலேயே நிலைத்திருந்து அறுந்த ஓர் இழையை அந்தக் கணமே கண்டுகொள்கிறது. செஸ்னா போன்ற சிறு பயிற்சி விமானத்திலும் கால்கள் சுக்கான் மிதிகளில் இருக்கின்றன. ஒரு கை திசையையும் ஏற்ற இறக்கத்தையும் ஆள, மற்றொரு கை எஞ்சினின் விசையைக் கூட்டவும் குறைக்கவும் செய்ய, கண் கருவிகளுக்கும் அடிவானத்துக்கும் இடையே ஓயாமல் சென்று வருகிறது. நிறங்களைப் பகுத்தறியும் கண் இல்லாதவருக்கு விமானி உரிமம் கிடைப்பது அரிது; கிளிப்பச்சைக்கும் மயில்கழுத்துப் பச்சைக்கும் உள்ள பேதத்தை இழை இழையாகப் பார்த்து வளர்ந்த கண்களோ இந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. நெசவாளர் பிள்ளைகள் பிறவியிலேயே விமானிகள் என்று நான் வாதிக்க வரவில்லை. கையும் காலும் கண்ணும் ஒரே காலத்தில் ஒருமுகப்படுவதுதான் இந்த வித்தையின் அடிப்படை என்றால், அது பணக்காரர் வீடுகளில் மட்டும் விளைகின்ற பொருள் அன்று என்பதையே சொல்லுகிறேன்.

விமானத்தின் சரித்திரமும் இதற்குச் சாட்சி சொல்லும். 1903 டிசம்பர் 17 அன்று 12 விநாடிகள் ஆகாயத்தில் நின்று உலகத்தின் போக்கையே மாற்றிய ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை நடத்தியவர்கள். கல்லூரிப் பட்டம் பெற்றவர்களும் அல்லர். 1910-ஆம் ஆண்டிலேயே சென்னையில் சிம்ப்ஸன் கம்பெனியாரைக் கொண்டு ஒரு விமானத்தைச் செய்வித்துப் பறக்கவிட்ட டி ஏஞ்சலிஸ் என்பவர் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்தவர். 1929-இல் இந்தியாவின் முதல் விமானி உரிமத்தைப் பெற்ற ஜே.ஆர்.டி. டாட்டா பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளை என்பது மெய்யே. ஆயினும் அதற்கு ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1936-இல், லாகூரில் தம் இருபத்தோராம் வயதில், நான்கு வயதுக் குழந்தைக்குத் தாயாக இருந்த நிலையில், சேலை கட்டிக்கொண்டே ஜிப்ஸி மாத் விமானத்தில் ஏறித் தனியே பறந்த சரளா தக்ராலை எண்ணிப் பார்க்கும்போது, சேலை நெய்து வாழும் ஓர் ஊரார் அந்த அம்மையாரைத் தங்களுக்கு வேண்டியவராகவே கருதலாம் என்று தோன்றுகிறது. பெங்களூர் ஜக்கூரில் அரசாங்கம் நிறுவிய விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949-இல் பயின்று தேறிய உஷா சுந்தரம், பின்னர் மதராஸ் அரசாங்கம் வாங்கிய டவ் விமானத்தைத் தம் கணவரோடு சேர்ந்து இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார். இன்று இந்திய விமானிகளில் பெண்கள் ஏறத்தாழ 15 சதவீதம். உலகச் சராசரியைப் போல இது ஏறக்குறைய மூன்று பங்கு.

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? கட்டணத்தில் இருக்கிறது. இந்தியாவில் இந்த உரிமம் பெற இன்று அரைக்கோடி ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. வெளிநாடு சென்று கற்பவர்களுக்கும், உரிமம் பெற்றபின் ஏர்பஸ் முதலிய பெரிய விமானத்துக்குரிய தனிப் பயிற்சியைத் தம் செலவிலேயே பெறுகிறவர்களுக்கும் அது இன்னும் பல இலட்சங்கள் ஏறுகிறது. பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எரிபொருள், விமானத்தின் தேய்மானம், பராமரிப்பு, ஆசிரியர் சம்பளம் எல்லாம் விலை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. சிறு விமானங்கள் குடிக்கின்ற ஏவ்கேஸ் என்ற பெட்ரோல்கூட 2022-இல் இந்தியன் ஆயில் நிறுவனம் வதோதராவில் தயாரிக்கத் தொடங்கும் வரையில் வெளிநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தது. கல்விக் கடன் என்று வங்கிக்குப் போனால், ஏழரை இலட்சம் ரூபாய்க்கு மேல் வீடோ நிலமோ ஈடு கேட்பார்கள். கூலிக்கு நெய்து, பாவும் சரிகையும் முதலாளியிடம் வாங்கி, சேலையை அவரிடமே ஒப்படைத்து ஜீவனம் நடத்துகின்ற குடும்பத்தில் ஈடு வைக்க என்ன இருக்கும்? தறி இருக்கும், குடியிருக்கும் ஓர் ஓட்டு வீடு இருக்கலாம்.

அந்த வீட்டையும் அடகு வைத்துவிடத் துணிகின்ற பெற்றோரை நினைத்தே எனக்குக் கவலை உண்டாகிறது. 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களையும் இண்டிகோ 500 விமானங்களையும் வாங்க ஏற்பாடு செய்த செய்தி வந்ததிலிருந்து, விமானி வேலை வாசலில் வந்து நிற்கிறது என்ற பிரசாரம் ஓங்கியிருக்கிறது. விமானங்கள் வருவது உண்மை. விமானிகள் தேவைப்படுவதும் உண்மை. ஆனால் 2012-இல் கிங்ஃபிஷரும், 2019-இல் ஜெட் ஏர்வேஸும், 2023-இல் கோ ஃபர்ஸ்டும் பறப்பதை நிறுத்தியபோது, அனுபவமுள்ள விமானிகள் வேலை தேடி அலைந்ததும், புதிதாக உரிமம் பெற்ற இளைஞர்கள் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றதும் அதே அளவுக்கு உண்மை. வட்டி மட்டும் வரிசையில் நிற்பதில்லை. பள்ளிகளின் தரமும் ஒரே சீராக இல்லை: 2025-இல் மத்திய அரசாங்கத்தின் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககமான டி.ஜி.சி.ஏ. முதன்முறையாகப் பறக்கும் பள்ளிகளைத் தரம் பிரித்தபோது மிக உயர்ந்த இரண்டு தரங்களுக்கும் ஒரு பள்ளியும் தேறவில்லை. விமானம் பழுது, ஆசிரியர் இல்லை, வானிலை சரியில்லை என்று ஒன்றரை ஆண்டில் முடிய வேண்டிய பயிற்சி மூன்று ஆண்டுகள் வரை நீள்வதும், அத்தனை காலமும் விடுதிச் செலவு ஏறிக்கொண்டே போவதும் மாணவர்கள் நன்கு அறிந்த துன்பம். 2011-இல் போலி மதிப்பெண் பட்டியல் காட்டி உரிமம் பெற்ற விமானிகள் பிடிபட்டதையும் மறக்கலாகாது. கடன் கழுத்தை நெரிக்கும் இடத்தில் குறுக்குவழி காட்டுகிறவர்கள் முளைப்பது இயல்பு. அதனால் விளையும் அபாயமோ விமானத்தில் ஏறும் ஒவ்வொருவரையும் சேர்ந்தது.

ஆகவே, விமானப் பயிற்சியைப் பொதுக் கல்வியின் ஓர் அங்கமாக அரசாங்கம் ஏற்றுக்கொள்வதே முறை. இது புதுமையான யோசனை அன்று. மத்திய அரசாங்கம் உத்தரப் பிரதேசத்து ஃபர்சத்கஞ்சில் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உடான் அகாதமியை நடத்துகிறது. கர்நாடக அரசின் ஜக்கூர்ப் பள்ளி முக்கால் நூற்றாண்டைக் கண்டுவிட்டது. கேரள அரசின் ஆதரவில் திருவனந்தபுரத்தில் ஒரு கழகம் இருக்கிறது. இந்திய விமான நிலையங்களின் ஆணையம் பள்ளிகளுக்கு நில வாடகையைக் குறைத்து, நிலையங்களுக்குச் செலுத்த வேண்டிய பங்குத்தொகையையும் நீக்கி, 2022-இல் நம் சேலத்தையும் பயிற்சிக்குரிய நிலையங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது. இது நல்ல காரியமே. ஆனால் பள்ளி நம் மாநிலத்துக்கு வந்துவிட்டதனால் மட்டும் கட்டணம் குறைந்துவிடாது. தேவிகாபுரத்துப் பிள்ளைக்கு அது சேலத்தில் இருந்தாலும் ஒன்றுதான், தென்னாப்பிரிக்காவில் இருந்தாலும் ஒன்றுதான்.

ஆரணி வழியாகப் பேருந்தில் சென்று அடையக்கூடிய தூரத்தில், வேலூருக்கு அருகே அப்துல்லாபுரத்தில், ஆங்கிலேயர் காலத்து விமானத்தளம் ஒன்று இருக்கிறது. மதராஸ் ஃபிளையிங் கிளப்பின் மாணவர்கள் சில ஆண்டுகள் அங்கே பறக்கக் கற்றார்கள். பிறகு அதுவும் நின்றது. சிறு ஊர்களுக்கும் விமானச் சேவையைக் கொண்டுசெல்ல மத்திய அரசாங்கம் வகுத்த உடான் திட்டத்தில் அந்தத் தளத்தைப் புதுப்பித்து, ஓடுபாதையைச் செப்பனிட்டு, சிறு விமானங்களுக்கு ஏற்றதாக ஆக்கினார்கள். எனினும் ஆண்டுகள் பல கழிந்தும் பிரயாணிகள் சேவை தொடங்கவில்லை. சிறு விமானங்களுக்கென்றே ஏற்பட்ட ஓடுபாதை, நெரிசல் இல்லாத ஆகாயம், ஆண்டில் பெரும்பகுதி தெளிந்திருக்கும் வானம் ஆகிய மூன்றும் பயிற்சிப் பள்ளிக்கு வேண்டிய அனுகூலங்கள். கற்பிப்போருக்குப் பஞ்சம் என்றும் சொல்ல இயலாது: விமானப் படையின் பயிற்சி ஆசிரியர்களை உருவாக்குகின்ற பள்ளி நம் தாம்பரத்தில் இருக்கிறது, கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அரக்கோணத்தில் இருக்கிறது. அவ்விடங்களிலிருந்து ஓய்வு பெறுகின்றவர்களில் கற்பிக்கும் விருப்பம் உடையவர்களை அழைத்துக்கொள்ள அரசாங்கத்துக்கு வழி இல்லாமற் போகாது.

கட்டணம் குறுக்கிடாத வழி ஒன்றும் உண்டு. இராமேசுவரத்துப் படகுக்காரர் மகனாகிய அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் கற்றுவிட்டு, விமானப்படையில் விமானியாகச் சேர டேராடூனுக்குச் சென்றார். எட்டே பேருக்கு இடம் இருந்த தேர்வில் ஒன்பதாமவராக நின்றார். அந்தப் பயணத்தில் அவரைத் தடுத்தது போட்டி, கட்டணம் அன்று. தோற்றவர் துவண்டுவிடாமல் வேறு வழியில் ஆகாயத்தை எட்டியதும், 2006-இல் குடியரசுத் தலைவராக இருந்தபோது சுகோய் போர் விமானத்தில் பறந்ததும் நாம் அறிந்த கதை. விமானப்படையின் கட்டணமில்லாத அந்த வாயில் இன்றும் திறந்தே இருக்கிறது. பௌதிகமும் கணிதமும் படித்த பிள்ளைகள் தேசியப் பாதுகாப்பு அகாதமித் தேர்வை எழுதலாம். 2022 முதல் பெண்களும் அங்கே சேர்ந்து பயில்கிறார்கள். தேர்வானவரின் படிப்பு, உணவு, பயிற்சி அனைத்தும் அரசாங்கச் செலவு. விமானியாகும் தகுதியை அளக்கின்ற சோதனையை மட்டும் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் எழுத விடுவார்கள் என்பதை முன்னரே அறிந்து, ஆயத்தமான பிறகே செல்ல வேண்டும். நம் மேல்நிலைப் பள்ளிகளில் எத்தனை ஆசிரியர்கள் இதை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்?

தேவிகாபுரத்துப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எந்தப் பள்ளிக்கும் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் பிள்ளைக்கு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். இலட்சங்களைக் கட்டியபின் கண்ணிலோ காதிலோ குறை தெரியவந்தால் அந்தத் துயரத்துக்கு மருந்து இல்லை. பரீட்சைப் பாடங்களை முதலில் தேறச் செய்யுங்கள். அதற்குக் கிரவுண்ட் கிளாஸும் புத்தகங்களும் போதும், விமானம் தேவையில்லை. வீட்டை எழுதிக் கொடுத்து மட்டும் எந்தப் பயிற்சியிலும் சேர்க்காதீர்கள்.

அரசாங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவக் கல்லூரிகளில் 7.5 சதவீத இடத்தை 2020-இல் ஒதுக்கி, கட்டணத்தையும் தானே ஏற்றுக்கொண்ட மாநிலம் இது. மறு ஆண்டே அதைப் பொறியியலுக்கும் விரித்த மாநிலம். அப்துல்லாபுரத்தில் ஓர் அரசுப் பறக்கும் பள்ளியைத் தொடங்கி, முதல் ஆண்டில் இருபது பிள்ளைகளை மட்டும் தேர்வின் மூலம் எடுத்து, அவர்களுடைய 200 மணி நேரத்தின் செலவை மாநிலமே ஏற்றுக்கொண்டாலும், அது ஒரு சிறிய மேம்பாலம் கட்டும் செலவுக்குள் அடங்கிவிடும். அந்த இருபது இடங்களை அடுத்த கல்வியாண்டிலேயே அறிவிக்க வேண்டும்.