ஞாயிறு பூசைக்கு வருவது யார்?

அயர்லாந்தில் 1973-74ஆம் ஆண்டில் எடுத்த ஒரு கணக்குப்படி, கத்தோலிக்கர்களில் நூற்றுக்கு 91 பேர் வாரந்தவறாமல் பூசை கண்டு வந்தார்கள். 1979 செப்டம்பரில் போப் இரண்டாம் ஜான் பால் டப்ளின் நகரின் பீனிக்ஸ் பூங்காவில் பூசை நிறைவேற்றியபோது பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். நாட்டின் மொத்த ஜனத்தொகையே அப்போது சுமார் 34 லட்சம்தான். 2018இல் போப் பிரான்சிஸ் அதே பூங்காவுக்கு வந்தார். கூடிய கூட்டம் பழைய கூட்டத்தில் ஒரு சிறு பங்குதான்.

2022ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் தம்மைக் கத்தோலிக்கர் என்று சொல்லிக்கொண்டவர்கள் 69 சதவிகிதம். ஆறு ஆண்டுகளுக்கு முன் அது 79. எந்த மதமும் இல்லை என்று எழுதியவர்கள் 14 சதவிகிதம். அந்த 69 சதவிகிதத்திலும் பூசைக்கு ஒழுங்காக வருகிறவர்கள் சிறுபான்மையினரே. இளைஞர்களில் இன்னும் குறைவு. முதல் நற்கருணை விழா மட்டும் இன்றும் தடபுடலாக நடக்கிறது. புது உடை, விருந்து, பிள்ளையின் கையில் உறவினர் வைக்கும் பணம் எல்லாம் உண்டு. அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பத்தைக் கோயிலில் காண்பது அரிது.

இதற்குப் பள்ளிக்கூடமும் ஒரு காரணம். அங்கே ஆரம்பப் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை திருச்சபையின் பொறுப்பில் உள்ளவை. இடம் போதாத பள்ளிகளில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைக்கே முதலிடம் என்ற ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. ஆகவே நம்பிக்கை இல்லாத பெற்றோரும் பள்ளி ‘சீட்’டுக்காகக் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். 2018ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிகளில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. ஞானஸ்நானச் சான்றிதழுக்கு இருந்த அந்த உபயோகமும் அத்துடன் போயிற்று.

கோயில்கள் காலியானதற்கு எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் குருக்களின் ஒழுக்கக்கேடு. 1979இல் கால்வே நகரில் போப்பாண்டவரின் இளைஞர் பூசைக்குக் கூடியவர்களை உற்சாகப்படுத்தியவர்களில் ஒருவர் பிஷப் ஈமன் கேசி. அவருக்கு ஒரு மகன் இருப்பது 1992இல் அம்பலமாகி, அவர் பதவி விலகினார். அதுகூட மனித பலவீனம் என்று மன்னிக்கத்தக்கது. 2009இல் வெளியான இரண்டு விசாரணை அறிக்கைகள் அப்படிப்பட்டவை அல்ல. திருச்சபை நடத்திய விடுதிகளில் குழந்தைகள் பட்ட கொடுமைகளை ஒன்று விவரித்தது. டப்ளின் மேற்றிராசனத்தில் குற்றம் செய்த குருக்களை மேலதிகாரிகள் மூடி மறைத்ததை மற்றொன்று எடுத்துரைத்தது. மணவிலக்கு 1995இலும், ஒரே பாலினத்தவர் திருமணம் 2015இலும், கருக்கலைப்பு 2018இலும் வாக்கெடுப்பில் வென்றன. மூன்றையும் திருச்சபை எதிர்த்திருந்தது.

ஆனால் எல்லாவற்றையும் இந்தக் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. அமெரிக்காவில் 1955இல், 21 முதல் 29 வயது வரையுள்ள கத்தோலிக்கரில் 73 சதவிகிதத்தினர் வாராந்தரப் பூசைக்குப் போனதாகக் காலப் கருத்துக்கணிப்பு சொல்லிற்று. 2014-17இல் அது 25 சதவிகிதம். அங்கே பெரிய சரிவு 1970களின் நடுவிலேயே நேர்ந்துவிட்டது. குருக்களின் குற்றங்கள் பாஸ்டன் நகரில் பத்திரிகைகள் மூலம் வெடித்ததோ 2002இல். ஜெர்மனியில் கோயில் வரி வருமான வரியோடு சேர்த்துச் சம்பளத்திலேயே பிடித்தமாகிறது. அதிலிருந்து விடுபட, திருச்சபையிலிருந்து விலகுவதாக அரசாங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். 2022இல் அப்படி எழுதிக் கொடுத்த கத்தோலிக்கர் 5,22,821 பேர். 2024இல் 3,21,611 பேர். எஞ்சியவர்களிலும் ஞாயிறு பூசைக்கு வருவோர் 6.6 சதவிகிதமே.

பழமைவாதிகளுக்கு வேறொரு விளக்கம் உண்டு. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வாடிகன் சங்கமும், அதைத் தொடர்ந்து 1969இல் ஆறாம் பால் வெளியிட்ட புதிய பூசை முறையும்தான் பக்தியைக் கெடுத்தன என்பார்கள். லத்தீன் போய்த் தாய்மொழி வந்தது. பீடத்தை நோக்கி நின்ற குரு மக்களை நோக்கித் திரும்பினார். தெய்விகம் குறைந்துபோயிற்று என்பது அவர்கள் கட்சி. இது பாதி வழக்குத்தான். லத்தீனையே அறியாத புராட்டஸ்டண்ட் கோயில்களும் அதே ஐரோப்பாவில் அதே ஆண்டுகளில் காலியாகியிருக்கின்றன. ஊரார் என்ன சொல்வார்களோ என்ற பயம் நகர வாழ்க்கையில் மறைந்ததும், அந்தப் பயத்துக்காகவே வந்தவர்கள் நின்றுவிட்டார்கள் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

அப்படியானால் இன்று வருகிற இளைஞர் யார்? பிரான்ஸில் கிடைக்கும் விடை விசித்திரமானது. மதச்சார்பின்மையைச் சட்டமாகவே வைத்திருக்கும் அந்த நாட்டில், 2024 ஈஸ்டரில் 7,135 பெரியவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். 2025இல் 10,384 பேர். அவர்களில் 18 முதல் 25 வயதுக்குட்பட்டவர்களே மிகப் பெரிய கூட்டம். ஐந்தில் இருவருக்கு மேல். இதைக் கண்டு பிஷப்புகள் மகிழ்வதில் நியாயம் உண்டு. ஆனால் அதே நாட்டில் குழந்தைகளின் ஞானஸ்நானம் ஆண்டுக்காண்டு லட்சக்கணக்கிலிருந்து சரிந்து வந்திருக்கிறது. பத்தாயிரம் பேர் அந்தப் பள்ளத்தை நிரப்பமாட்டார்கள்.

எண்ணிக்கையைவிட அவர்களுடைய போக்குதான் கவனிக்கத்தக்கது. பெந்தெகோஸ்தே திருநாளையொட்டிப் பாரிஸிலிருந்து சார்த்ர் நகருக்கு மூன்று நாள், சுமார் நூறு கிலோமீட்டர் நடந்து போகும் யாத்திரை ஒன்று உண்டு. பூசை முழுவதும் பழைய லத்தீன் முறையில். 2025இல் அதில் நடந்தவர்கள் சுமார் 19,000 பேர், பெரும்பாலோர் இளைஞர்கள். இந்தப் பழைய முறைக்குப் போப் பதினாறாம் பெனடிக்ட் 2007இல் தாராளமாக அனுமதி கொடுத்தார். போப் பிரான்சிஸ் அதை 2021 ஜூலையில் இறுக்கினார். தடை போட்டபின் யாத்திரை பெருகிற்றே தவிரக் குறையவில்லை. இன்னொரு பக்கம், கிட்டாரும் கைதட்டலுமாகப் பாடும் ஜெபக் கூட்டங்களுக்குப் போகிற இளைஞர்களும் இருக்கிறார்கள். கேரளத்தில் 1985இல் தொடங்கிய ‘ஜீசஸ் யூத்’ இயக்கம் அந்த வகையைச் சேர்ந்தது. பல தேசங்களுக்கும் பரவிய பிறகு 2016இல் வாடிகன் அதை அங்கீகரித்தது. லத்தீன் கூட்டத்துக்கும் கிட்டார் கூட்டத்துக்கும் ஒத்துப்போகாது. ஆனால் இருவருக்கும் பிடிக்காதது ஒன்றே: மணியடித்தால் வந்து, முணுமுணுத்துவிட்டுப் போகும் சாதாரண ஞாயிறு பூசை.

இதில் மனம் நோகிறவர்கள் பெரியவர்கள். தாய்மொழியில் பூசை வேண்டுமென்று ஏங்கிய தலைமுறை அது. தமிழ்நாட்டிலும் 1960களில்தான் பீடத்தில் லத்தீனுக்குப் பதில் தமிழ் ஒலித்தது. அதுவரை குரு என்ன சொல்கிறார் என்று புரியாமலே ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது சிறிய காரியமல்ல. பிரான்ஸில் பேரப் பிள்ளைகள் அந்தப் புரியாத மொழியையே தேடிப் போவதைப் பார்த்து, பட்ட பாடெல்லாம் வீணா என்று கேட்பது இயல்பு.

இந்தியாவில் கோயில்கள் காலியாகவில்லை. வேளாங்கண்ணியில் செப்டம்பர் 8ஆம் தேதி நிற்க இடமில்லை. மும்பை மாஹிமில் புதன்கிழமை நவநாளும், பெங்களூர் விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமையும் கூட்டத்தால் நெரிகின்றன. வேற்று மதத்தாரும் ஏராளம். ஆனால் நவநாளுக்கு வேலை கேட்டு வருகிற வாலிபன் ஞாயிறன்று தன் பங்குக் கோயிலுக்கு வருகிறான் என்று அர்த்தமில்லை. வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு மொழிச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. பெங்களூர் சிவாஜி நகர் மரியன்னை பேராலயத்தில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் பூசை உண்டு. இப்படிப்பட்ட ஊர்களில் அப்பாவும் அம்மாவும் தமிழ்ப் பூசைக்கும், கான்வெண்டில் படித்த பிள்ளைகள் ஆங்கிலப் பூசைக்கும் போவது வழக்கமாகி வருகிறது. அலுவலகத்தில் ஞாயிறும் ‘ஷிப்டு’ என்றால் செல்போனில் பூசை பார்ப்பதோடு சரி. 2020இல் கொரோனாவுக்காகக் கோயில்களை மூடியபோது பழகியது அது.

1842இல் அயர்லாந்திலிருந்து கன்னியாஸ்திரீகள் கப்பலேறிச் சென்னைக்கு வந்து பெண்களுக்குப் பள்ளி வைத்தார்கள். இன்று அயர்லாந்தில் தேசியக் குருமடம் என்று சொல்ல மேனூத் ஒன்றே மிச்சம். நூற்றுக்கணக்கானோர் படித்த அங்கே இப்போது விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்கள். பல ஐரிஷ் பங்குகளில் பூசை வைப்பவர் ஓர் இந்தியரோ, நைஜீரியரோ. கோயிலை நிறைப்பவர்களும் பிழைக்கப் போனவர்களே. போலந்துக்காரர்கள் ஒரு பக்கம், ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் கேரள நர்சுகள் ஒரு பக்கம். டப்ளினில் சீரோ மலபார் வழிபாடு மலையாளத்தில் நடக்கிறது. ஆனால் அந்தச் சபை 2001இல் சிகாகோவிலும் 2016இல் பிரிட்டனிலும் மேற்றிராசனம் அமைத்துக்கொண்டு, அங்கே பிறந்த பிள்ளைகளுக்காக இப்போது ஆங்கிலத்திலும் குர்பானா நடத்துகிறது.