கடைசிப் பத்தி எழுதும் உரிமை

2024 ஜனவரி 19 அன்று, அமெரிக்காவின் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழின் ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இதழை நடத்திவந்த அரீனா குழுமம், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான ஆதென்டிக் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டிய 37.5 லட்சம் டாலர் தவணையைக் கட்டத் தவறியிருந்தது. உரிமம் ரத்தானது. சிலருக்கு உடனே வேலை போனது. மற்றவர்களுக்குச் சிறிது அவகாசம் கிடைத்தது. 1954-ல் தொடங்கி, அமெரிக்க விளையாட்டு எழுத்துக்கே அளவுகோலாக இருந்த இதழ் அது. சில வாரங்களில் வேறொரு நிறுவனம் உரிமத்தை எடுத்துக்கொண்டதால் பெயர் பிழைத்தது. ஆனால், ஆண்டுக்கணக்கில் அதில் எழுதிய பலருக்கு வாசகரிடம் சொல்லிக்கொண்டு போகக்கூட வழி இருக்கவில்லை.

ஆட்குறைப்பு எல்லாத் தொழிலிலும் நடக்கிறது. விளையாட்டுச் செய்தியாளரின் விடைபெறலுக்கு மட்டும் தனி மரியாதை எதற்கு என்று கேட்கலாம். அவர் போகும்போது அவரோடு போவது ஒரு சம்பளக் கணக்கு மட்டுமல்ல. ஒரு விளையாட்டை இருபது, முப்பது ஆண்டுகள் அருகிலிருந்து பார்த்த நினைவும் சேர்ந்தே போகிறது. அதை அடுத்தவரிடம் ஒப்படைக்க அவருக்கு நேரம் தர வேண்டும். வாசகரிடம் விடைபெற இடமும் தர வேண்டும். இரண்டுமே இன்று அருகிவருகின்றன.

முன்பு இது எப்படி நடந்தது என்பதற்கு ஜான் ஆர்லட் நல்ல உதாரணம். சவுத்தாம்ப்டனில் காவலராக இருந்தவர் அவர். 1946-ல் இந்திய அணி இங்கிலாந்து சென்றபோது பி.பி.சி. வானொலியில் கிரிக்கெட் வர்ணனையைத் தொடங்கினார். 1968 முதல் ‘கார்டியன்’ நாளிதழின் கிரிக்கெட் செய்தியாளராகவும் இருந்தார். நிறவெறி காரணமாகத் தென்னாப்பிரிக்காவில் வாய்ப்பு மறுக்கப்பட்ட பேசில் டி’ஒலிவேராவுக்கு இங்கிலாந்தில் ஒரு லீக் ஒப்பந்தம் கிடைக்க வழிசெய்தவர் அவர்தான். 1970-ல் தென்னாப்பிரிக்க அணி இங்கிலாந்துக்கு வருவதாக இருந்தபோது, அந்தத் தொடருக்கு வர்ணனை செய்ய மாட்டேன் என்று வெளிப்படையாக அறிவித்தார்.

1980 செப்டம்பரில், லார்ட்ஸில் நடந்த நூற்றாண்டு டெஸ்ட்தான் அவர் கடைசியாக வர்ணனை செய்த டெஸ்ட். தன் முறை முடிந்தபோது அவர் உரை எதுவும் ஆற்றவில்லை. ஸ்கோரைச் சொன்னார், அடுத்துப் பேசப்போகிறவர்களின் பெயரைச் சொன்னார், எழுந்துவிட்டார். ஆர்லட் விடைபெற்றுவிட்டார் என்று மைதான ஒலிபெருக்கி அறிவித்ததும் கூட்டம் கைதட்டியது, ஆட்டக்காரர்கள் கைதட்டினார்கள், களத்தில் பேட்டிங் செய்துகொண்டிருந்த பாய்காட்டும் கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டினார். போகும் நாளை ஆர்லட்டே தேர்ந்தெடுத்திருந்தார் என்பதுதான் இதில் முக்கியம். அதனால்தான் அரங்கமும் அவரை வழியனுப்ப முடிந்தது.

ரிச்சி பெனோவுக்கும் அப்படி ஒரு நாள் வாய்த்தது. ஆஸ்திரேலிய அணியின் கேப்டனாக இருந்த அவர், சிட்னி நாளிதழ் ஒன்றில் குற்றச் செய்திகள் எழுதிப் பயிற்சி பெற்று, பிறகு வர்ணனையாளரானவர். 2005 செப்டம்பர் 12 அன்று, ஓவல் மைதானத்தில், இங்கிலாந்துத் தொலைக்காட்சி நேயர்களிடம் அவர் விடைபெற்றுக்கொண்டிருந்தார். பாதிப் பேச்சில், 158 ரன் எடுத்திருந்த பீட்டர்சன் மெக்ராத் பந்தில் போல்டானார். பெனோ அந்த விக்கெட்டை வர்ணித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து நன்றியைத் தொடர்ந்தார். தன் கடைசி நிமிடத்திலும் ஆட்டத்தையே முன்னால் வைத்தார்.

அச்சு ஊடகத்தில் இந்த மரபுக்கு வீடாக இருந்தது ‘நியூயார்க் டைம்ஸ்’. ஆர்தர் டேலி, ரெட் ஸ்மித், டேவ் ஆண்டர்சன், ஜான் பிராஞ்ச் என அதன் விளையாட்டு எழுத்தாளர்கள் நால்வர் புலிட்சர் பரிசு பெற்றவர்கள். 1982 ஜனவரியில் ரெட் ஸ்மித், இனி வாரம் நான்கு பத்திகளுக்குப் பதிலாக மூன்று எழுதப்போவதாக வாசகர்களிடம் சொன்னார். அடுத்த சில நாள்களில் இறந்துபோனார். ஒரு பத்தி குறைவதைக்கூட வாசகரிடம் சொல்லிவிட்டுச் செய்யும் உறவு அது. அதே நாளிதழ் 2023 ஜூலையில் தன் விளையாட்டுப் பிரிவையே கலைப்பதாக அறிவித்தது. முந்தைய ஆண்டு 55 கோடி டாலருக்கு வாங்கிய ‘தி அத்லெடிக்’ தளம் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்றது. அந்தப் பிரிவில் இருந்தவர்கள் வேறு பிரிவுகளுக்கு மாற்றப்பட்டார்கள். வேலை தப்பியது, ஆனால் ஆண்டுக்கணக்கில் சேர்த்த தொடர்புகளுக்கும் அறிவுக்கும் அங்கே பயன் இல்லாமல் போனது.

ஸ்கோர் கைபேசியில் வந்துவிடுகிறது, வீரர்களும் அணிகளும் ரசிகர்களிடம் நேரடியாகப் பேசுகிறார்கள், இடையில் செய்தியாளர் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். ஸ்கோருக்கு அவர் தேவையில்லை. ஆனால், எந்த அணியும் தன் தவறைத் தன் பக்கத்தில் தானே எழுதாது. அமெரிக்கக் கால்பந்தில் தலையில் படும் அடிகள் வீரர்களின் மூளையைச் சிதைக்கின்றன என்பதை 2007 முதல் விடாமல் எழுதியவர், அதே ‘நியூயார்க் டைம்ஸ்’ விளையாட்டுப் பக்கத்தின் ஆலன் ஷ்வார்ஸ். அந்தச் செய்திகளுக்குப் பிறகு விதிகளும் பாதுகாப்பு முறைகளும் மாறின.

லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ இதழின் டேவிட் வால்ஷ் இன்னும் நீண்ட காலம் காத்திருந்தார். 1999-ல் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றபோதே அவருக்கு ஊக்கமருந்துச் சந்தேகம் வந்தது. 2004-ல் இதழ் அதை எழுதியது. ஆம்ஸ்ட்ராங் அவதூறு வழக்குப் போட, 2006-ல் இதழ் 3 லட்சம் பவுண்டு கொடுத்துச் சமரசம் செய்ய வேண்டியதாயிற்று. 2012-ல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் அறிக்கை வெளியாகி, ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் பறிபோயின. 13 ஆண்டுகள் ஒரே ஆளை ஒரே துறையில் வைத்திருந்ததால்தான் அந்த உண்மை துரத்தப்பட்டது. நடுவில் ஓர் ஆட்குறைப்பில் வால்ஷ் வெளியேறியிருந்தால், அவர் குறிப்பேட்டைப் பிரித்துப் பார்க்க யார் இருந்திருப்பார்கள்?

நம் ஊரிலும் இதே கணக்குத்தான். ‘தி இந்து’ நாளிதழின் விளையாட்டு ஆசிரியராக இருந்த எஸ்.கே. குருநாதன், 1940-களில் ‘இந்தியன் கிரிக்கெட்’ என்ற ஆண்டு மலரைச் சென்னையிலிருந்து தொடங்கினார். ரஞ்சி ஆட்டங்களின் விவரங்களை ஆண்டுதோறும் திரட்டி வைத்த அந்த மலர், அவர் காலத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வந்தது. ஒருவரின் உழைப்பு அடுத்தவர் கைக்குச் சேர்ந்ததால்தான் அது நீடித்தது.

கோவில்பட்டியை எடுத்துக்கொள்ளலாம். 2022 ஆசியக் கோப்பையில் இந்திய ஹாக்கி அணிக்காக ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் இருவரும் அந்த ஊர் மைதானத்தில் பயிற்சி பெற்றவர்கள். இப்படிப்பட்ட பையன்களை இந்திய அணிக்குப் போகும் முன்பே கண்டு எழுதுகிறவர் டெல்லியில் இல்லை. பள்ளிப் போட்டிக்கும் அங்கே நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவு ஹாக்கிக் கோப்பைக்கும் போய் நிற்கும் மாவட்டச் செய்தியாளர்தான். எந்தப் பயிற்சியாளர் எந்தப் பையனுக்காகக் கையிலிருந்து பேருந்துக் கட்டணம் கொடுத்தார், எந்தச் சங்கத்தில் தேர்வு நேர்மையாக நடக்கவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதில் பெரும்பகுதி அச்சில் வராதது. அவர் ஓய்வுபெறும் நாளில் யாரும் கேட்டு வாங்காவிட்டால் அது அவரோடு வீட்டுக்குப் போய்விடும்.

தமிழ் நாளிதழ்கள் செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றுக்குப் பெரிய செலவும் இல்லை. ஓய்வோ ஆட்குறைப்போ, போகும் செய்தியாளருக்கு அவர் பெயரோடு ஒரு கடைசிப் பத்தி கொடுக்க வேண்டும். போவதற்கு முந்தைய மாதங்களில் இளைய செய்தியாளர் ஒருவரை அவரோடு மைதானத்துக்கு அனுப்பி, பயிற்சியாளர்களிடமும் நடுவர்களிடமும் சங்கத்தாரிடமும் அறிமுகம் செய்ய வைக்க வேண்டும். பழைய குறிப்பேடுகளையும் ஸ்கோர் தாள்களையும் படங்களையும் எடைக்குப் போடாமல் அலுவலக நூலகத்தில் சேர்க்க வேண்டும். பாதியில் நிற்கும் புலனாய்வுகளை எழுத்தில் வாங்கி, தொடர்வதற்கு ஆளையும் நியமிக்க வேண்டும்.

வாசகர்களும் கேட்கலாம். விளையாட்டுப் பக்கத்தில் வழக்கமாகக் காணும் ஒரு பெயர் திடீரென்று நின்றுபோனால், அவர் எங்கே, அவர் பார்த்த களத்தை இனி யார் பார்க்கிறார்கள் என்று ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதலாம். ஒரு மாவட்டத்தின் ஹாக்கியையோ கபடியையோ எழுத ஆள் வேண்டும் என்று வாசகர்கள் கேட்பது தெரிந்தால், அந்த இடத்தைக் காலியாக விடும் முடிவை எந்த நிர்வாகமும் எளிதில் எடுக்காது.