விறகு மின்சாரம்: தண்ணீருக்கு யார் வண்டிக்கூலி கொடுப்பது?

எமது நாட்டில் எரிபொருள் நெருக்கடி தலைதூக்கும் போதெல்லாம் ஓர் ஆலோசனையும் கூடவே தலைதூக்கும்: "விறகு இருக்கிறதே, அதில் மின்சாரம் எடுக்கலாமே!" 2005 ஆம் ஆண்டில் கிளிரிசீடியாவை, அதாவது எமது வேலிகளில் நிற்கும் கிளிசறியாவை, தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் அறிவித்தது. இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த மூன்றின் வரிசையில் அது இன்னும் வந்து அமரவில்லை. மரத்தின் மீது குற்றம் சொல்ல முடியாது. தறிக்கத் தறிக்கத் தழைக்கும் மரம் அது. சிக்கல் வீதியில் இருக்கிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். விறகின் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும் 1 மெகாவாட் நிலையம் ஒன்றுக்கு, ஓர் அலகு மின்சாரத்துக்குச் சுமார் ஒன்றேகால் கிலோ காய்ந்த விறகு வேண்டும். இரவு பகலாக இயங்கினால் நாளொன்றுக்கு 30 டொன். பச்சை மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீர். ஆகவே பச்சையாக ஏற்றினால் ஏறக்குறைய 48 டொன். 10 டொன் லொறிகள் நாள்தோறும் ஐந்து. அந்த ஐந்திலும் பாதிச் சுமை தண்ணீரே. கிளைகளாக ஏற்றினால் இடைவெளியில் காற்றும் சேர்ந்து பயணம் செய்யும். திரும்பும்போது லொறி வெறுமையாகவே திரும்பும். சீவல்களாக்கிக் குவித்தாலோ ஈரக் குவியல் தானே சூடேறி உக்கும். சில வேளை தீயும் பற்றும்.

காயவைத்து விற்கட்டும் என்று கொழும்பில் இருந்துகொண்டு சொல்வது எளிது. எடைக்கு எடை பணம் கொடுத்தால், வெயிலில் காயவைக்கும் விவசாயி தன் வருமானத்தையே ஆவியாக்குகிறார். அப்படியிருக்க அவர் பச்சையாக விற்பதை எப்படிக் குறைகூறுவது?

இன்னொன்றையும் மறந்துவிட வேண்டாம். விறகு சுதேசி, லொறிக்குள் ஊற்றும் டீசல் விதேசி. 2022 இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாடு இது. இறக்குமதி எரிபொருளிலிருந்து விடுதலை தரும் என்று சொல்லப்பட்ட விறகு, அந்த எரிபொருள் இல்லாமல் நிலைய வாசலை எட்டாது. தூரத்து வேலி விறகு கட்டுப்படியாகாத நாளில், பக்கத்தில் நிற்கும் காட்டின் மீது கண் விழும். கொதிகலனுக்கு வேலி மரமும் காட்டு மரமும் ஒன்றுதான்.

பணக்கார நாடுகளைப் பாருங்கள் என்பார்கள். பார்த்தேன். பிரித்தானியாவின் ட்ராக்ஸ் மின்நிலையம் தனது ஆறு நிலக்கரி அலகுகளில் நான்கை மரக்குறுணைக்கு மாற்றியது. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் கனடாவிலும் மரத்தை அரைத்து, உலர்த்தி, அழுத்தி, கப்பலேற்றி, நனையாத மூடிய ரயில் பெட்டிகளில் கொண்டுசெல்கிறார்கள். இத்தனையையும் தாங்கி நிற்பது மக்கள் பணத்தில் வழங்கப்படும் மானியம். கனடாவிலிருந்து வந்த மரத்தைப் பற்றிய தரவுகளைச் சரியாக அறிக்கையிடாததற்காக 2024 இல் அந்நிறுவனம் 25 மில்லியன் பவுண் செலுத்த நேர்ந்தது. மரம் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்காணிப்பது அவர்களுக்கே அத்தனை கடினம் என்றால், எமது வனப் பரிசோதகர்களிடம் எதை எதிர்பார்ப்பது?

நான் விறகுக்கு எதிரியல்லன். எமது தேயிலைத் தொழிற்சாலைகள் கொழுந்தை உலர்த்த நெடுங்காலமாக விறகையே எரிக்கின்றன. மின்சாரமாக மாற்றும்போது வீணாகும் வெப்பத்தின் பெரும்பகுதி, நல்ல உலையில் நேரடியாகப் பயன்படுகிறது. வளர்ந்த இடத்துக்கு அருகிலேயே விறகை எரிக்கும் இத்தகைய தொழில்களுக்கே முதலுரிமை வேண்டும். காய்ந்த எடைக்கு நியாய விலை நிர்ணயிக்க வேண்டும். புதிய மின்நிலையத்துக்கு அனுமதி கேட்போர், எத்தனை கிலோமீற்றருக்குள் எவருடைய நிலத்திலிருந்து விறகு வரும் என்பதை முதலில் எழுத்தில் காட்டட்டும். அதைக் காட்ட முடியாதவர்கள் காட்டை நம்பியே கடை விரிக்கிறார்கள் என்பது என் முடிவு.