தாங்குவது கம்பியன்று, மண்

பிற்பகல் இரண்டு மணிக்கு வானம் கறுப்பதும் மூன்று மணிக்கு இடி முழங்குவதும் நம் தோட்டத்து மக்களுக்குப் பழகிய காட்சிகள். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டில் ஏறத்தாழ 180 நாட்களுக்கும் மேலாக இடியோசை கேட்கிறது. உலகில் இந்த அளவுக்கு இடி முழங்கும் இடங்கள் மிகச் சிலவே. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் அதன் சீற்றம் மிகுதி. பழகிவிட்ட காரணத்தாலேயே நாம் அஞ்ச வேண்டிய அளவுக்கு அஞ்சுவதில்லை என்பது என் எண்ணம்.

‘இடி விழுந்தது’ என்கிறோம். இடி ஓசை மட்டுமே, தாக்குவது மின்னல். அது பாயும் வழியிலுள்ள காற்று ஏறத்தாழ 30,000 பாகை செல்சியஸ் வரை சூடேறி வெடித்து விரிகிறது. அவ்வொலியே இடி. பள்ளிக் கூரையில் நிற்கும் கம்பியை ‘இடிதாங்கி’ என்பதும் பாதிதான் சரி. (அழகிய சொல், பெயரிட்டவரை நான் குறை கூறவில்லை.) அக்கம்பி மின்னலை முதலில் ஏற்று, சுவரோரம் இறங்கும் செம்பு அல்லது அலுமினியப் பட்டையின் வழியே, மண்ணில் புதைத்த தண்டிடம் ஒப்படைக்கிறது. தாங்குவது மண்ணே. பெஞ்சமின் பிராங்க்ளின் 1750-களில் எடுத்துரைத்த இம்முறையே இன்றும் அடிப்படை.

ஆகவே, பட்டை அறுந்தால் கம்பியால் பயனில்லை. நான் கண்ட ஒரு பள்ளியில் கூரைக் கம்பி கம்பீரமாக நின்றது. கீழே செம்புப் பட்டையைக் காணோம். பழைய இரும்புக் கடையில் செம்புக்கு நல்ல விலை அல்லவா! சாயம் பூச வந்தவர்களும் மறுபடி சாயம் பூசிச் சென்றார்களே தவிர, எவரும் அதைக் கவனிக்கவில்லை. அத்தகைய கட்டடத்தில் மின்னல் இறங்கினால், அது சுவரைப் பிளந்தோ, தண்ணீர்க் குழாயிலும் மின்கம்பியிலும் தாவியோ வழி தேடும். கோபுரக் கலசமே இடிதாங்கி என்போரும் உளர். மண்ணோடு இணைப்பில்லாத கலசம் கோயிலைக் காக்காது.

மற்றொரு நம்பிக்கை, ரப்பர் செருப்பு அணிந்தால் ஆபத்தில்லை என்பது. ரப்பர் மரத்தால் வாழ்ந்த நமக்கு அதன்மேல் பற்று இருப்பது இயல்பே. ஆயினும், மேகத்திலிருந்து பல கிலோமீட்டர் காற்றைப் பிளந்து வரும் மின்னலுக்கு ஒரு விரற்கடைச் செருப்பு எம்மாத்திரம்? மூடிய காருக்குள் இருப்போர் தப்புவதும் சக்கரத்து ரப்பரால் அன்று. சுற்றியுள்ள உலோகக் கூட்டினால்.

இடி கேட்டால் “அர்ச்சுனா, அர்ச்சுனா” என்பார் பாட்டி. சொல்லட்டும். பேரப்பிள்ளைகள் கூடவே எண்ணட்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடி சென்றால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவு. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், திடலைவிட்டு உடனே கட்டடத்திற்குள் செல்ல வேண்டும். மரத்தடியும், பக்கச் சுவரில்லாத கொட்டகையும் புகலிடம் ஆகா. செம்பனைக் குலை அறுப்போர் நீண்ட உலோகக் கோலைக் கீழே போட்டுவிட்டு அகல வேண்டும். கடைசி இடிக்குப் பின் முப்பது நிமிடம் கழித்தே வெளியே வரலாம். போட்டி விளையாட்டு ஒத்திகை ஒரு நாள் தடைபட்டால் எந்தக் கோப்பையும் பறிபோய்விடாது.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. ஆண்டுக் கூட்டத்தில் கூடாரத்திற்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் ஒதுக்கும்போது, தகுதி பெற்ற மின்பணியாளரை அழைத்து நில இணைப்பைச் சோதிக்கவும் ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். அளவுமானி காட்டும் தடை பொதுவாக 10 ஓமுக்கு மேற்படலாகாது. அக்டோபர் மழைக்கு முன்பே அவர் வந்து போகட்டும்.