ஜெபம் பண்ணினா மட்டும் போதுமா?



'எழுப்புதல் கூட்டம்', 'எழுப்புதல் ஜெபம்' என்று சுவரொட்டிகளில் பெரிய எழுத்தில் பார்த்திருப்பீர்கள். எழுப்புதல்னா என்ன? பெரிய பந்தலா? காதைப் பிளக்கும் ஸ்பீக்கரா? இல்லவே இல்லை. தூங்கிப்போன மனசாட்சி முழிச்சுக்கிறதுதான் எழுப்புதல் என்பது என் கருத்து. அதற்கு ஜெபம் மட்டும் போதாது, பாவ அறிக்கையும் வேண்டும். கொரியாவில் நடந்ததே இதற்குச் சாட்சி.

1903-ஆம் ஆண்டு வொன்சான் நகரில் ராபர்ட் ஹார்டி என்ற கனடா நாட்டு மிஷனரி டாக்டர் இருந்தார். பல வருஷம் உழைத்தும் பலன் இல்லையே என்று சோர்ந்து போயிருந்தார். மிஷனரிகள் கூடி ஜெபித்த நாட்களில், குறை கொரிய மக்களிடம் இல்லை, தன்னிடம்தான் என்று உணர்ந்தார். தன் பெருமையையும் விசுவாசக் குறைவையும் கொரிய சபையார் முன்னாலேயே அறிக்கை செய்தார். ஊழியம் செய்ய வந்தவரே தலைகுனிந்து நின்றது ஜனங்களை அசைத்துவிட்டது.

அடுத்து 1907 ஜனவரி, பியாங்யாங் நகரம். (இன்று வடகொரியாவின் தலைநகர்!) வேதபாட வகுப்புக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் வந்திருந்தார்கள். அந்த நாட்களில் கில் சன் ஜூ என்ற மூப்பர் சபை நடுவே எழுந்தார். சாகும் தறுவாயில் ஒரு நண்பர் தன் சொத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவரிடம் ஒப்படைத்திருந்தார். அதில் கொஞ்சம் பணத்தைத் தானே எடுத்துக்கொண்டதாகச் சொல்லி, நண்பரின் மனைவியிடம் திருப்பிக் கொடுத்துவிடுவதாகவும் அறிவித்தார். அதன்பின் பலரும் அழுது ஜெபித்தார்கள். வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார்கள், கடனைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஊரே ஆச்சரியப்பட்டது.

உண்மையைச் சொன்னதால் அந்த மூப்பரின் மரியாதை குறைந்ததா? இல்லை! அதே 1907-இல் போதகராக அபிஷேகம் பெற்ற முதல் ஏழு கொரிய பிரஸ்பிட்டேரியன் போதகர்களில் அவரும் ஒருவர்.

"கடவுள்கிட்ட சொன்னா போதாதா?" என்று சிலர் கேட்கலாம். அடுத்தவர் பொருள் நம்ம பையில இருக்கும்போது எப்படிங்க போதும்? சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்பதுதான் மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னதன் கருத்து. சகேயுவும் நாலு மடங்காகத் திருப்பித் தருவேன் என்றான்.

அதற்காக எல்லாத்தையும் மைக் பிடித்துச் சொல்லணும்னு இல்லை. அது வெறும் காட்சியாகிவிடும், அடுத்தவர் ரகசியமும் வெளியே வந்துவிடும். கத்தோலிக்கர்கள் குருவானவரிடம் தனியாகத்தான் சொல்கிறார்கள். யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரிடம் சொல்வதே முக்கியம்.

நண்பர்களே, பரீட்சை வந்தா எந்த மதமானாலும் எல்லாரும் சாமி கும்பிடுறோம். ஆனால் ஒருத்தன் எடுத்த ஜியாமெட்ரி பாக்ஸுக்கு இன்னொருத்தன் 'திருடன்' பட்டம் சுமந்துக்கிட்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தால், எடுத்தவனுடைய ஜெபம் கூரையைத் தாண்டுமா?

இன்னொன்றும் கவனியுங்கள். கொரியாவில் முதலில் வாய் திறந்தவர்கள் சின்னவர்கள் இல்லை. ஒரு மிஷனரி, ஒரு மூப்பர்! பெரியவர்கள் "தப்பு என்னுதுதான்" என்று சொன்னால், சின்னவர்களுக்குத் தானாகவே தைரியம் வரும்.

கைகூப்புவது சுலபம். அந்தக் கையில் இருக்கும் அடுத்தவர் பொருளைத் திருப்பிக் கொடுப்பதுதான் கஷ்டம். கஷ்டமானதை முதலில் செய்வோமா?

— பதினோராம் வகுப்பு மாணவி